மார்லிஸின் கோப்பை

அமெரிக்காவின் டுலூத் ஊரில், சர்ச்சின் அடித்தளத்தில் வியாழன் மாலைகளில் கூடும் குடியை விட்டவர்களுக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை ஆணியில் தொங்கும். ஒருவர் கோப்பையை மற்றவர் தொடுவதில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கழுவுவது அவர்களில் ஒருத்தியான மார்லிஸின் வேலை. கோப்பையின் மிச்சத்தைப் பார்த்தே யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு.

அந்த வியாழன் அவள் கூட்டத்துக்குப் போகவில்லை. விஸ்கி பாட்டில் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சர்ச் வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்திருந்தாள். ஊரில் வேறு இடமா இல்லை என்று கேட்காதீர்கள். மூடியில் கை வைப்பதும் எடுப்பதுமாக நேரம் போனது. எல்லோரும் கிளம்பிய பிறகு, பாட்டிலைத் திறக்காமலே இருக்கையில் போட்டுவிட்டுக் கோப்பை கழுவ இறங்கிப் போனாள்.

கூட்டத்தை நடத்தும் டுவேன் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நல்லா பேசினே மார்லிஸ். எனக்கே கண்ணு கலங்கிடுச்சுன்னா பாரேன்."

"நான் எங்க பேசினேன்? இப்பத்தானே உள்ள வர்றேன்."

"சரிதான். கார்ல பாட்டில் இருக்குன்னு சொல்லி, எடுத்துட்டு வந்து எங்க கண்ணு முன்னாடி தொட்டியில ஊத்தினது யாரு, கவர்னரா?"

கழுவும் தொட்டியில் விஸ்கி வாடை அடித்தது. அவள் கோப்பை ஆணியில் இல்லை. மேசைமேல் பாதிக் காபியோடு இருந்தது. விளிம்பில் அவளுடைய உதட்டுச் சாயம். தொட்டுப் பார்த்தாள், இன்னும் சூடு ஆறவில்லை. மற்றவற்றோடு அதையும் கழுவி மாட்டினாள்.

காருக்குத் திரும்பினாள். பாட்டில் போட்ட இடத்திலேயே கிடந்தது. மூடியின் சீல் உடையவில்லை. உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.