தேதி கேட்காத கம்ப்யூட்டர்

"அதுல கை வைக்காதீங்கன்னு சொல்றேன்—"

"கை வைக்காம ஊதியா மாத்தறது? தள்ளு—"

"தள்ளமாட்டேன். பழசே நல்லாத்தான் ஓடுது—"

"ஓடுதாம்! கட்டை வண்டிகூடத்தான் ஓடுது."

தர்மபுரியில் அந்தப் பட்டுக்கூடு சங்க அலுவலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை இயக்குபவள் இசபெல்லா. அதைப் பழுது பார்க்க வரும் இன்ஜினியர் இன்னாசிராஜ், அவள் கணவன். ஆகவே வீட்டுச் சண்டை ஆபீசிலும் நடக்கும்.

இன்னாசிராஜின் கையில் மூன்று ஃபிளாப்பிகள். கம்ப்யூட்டரை ஓட்டும் டாஸ் மென்பொருளில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

"காலையில சுவிட்சைப் போட்டதும் இன்னைக்கு என்ன தேதின்னு உன்னைக் கேக்குதில்ல? இனிமே கேக்காது. கடிகாரம் வச்ச அட்டை ஒண்ணு உள்ள மாட்டிட்டேன். கரண்டு போனாலும் பேட்டரியில ஓடும். புது டாஸ் அதைப் பாத்துத் தானே தேதியைத் தெரிஞ்சுக்கும்."

"கேக்கட்டுமே. நான் சொல்லிட்டுப் போறேன்."

"நீ கிறிஸ்துமஸ்னு அடிச்சா, கிறிஸ்துமஸ்னே நம்பிடும் அது!"

"நம்பட்டும். உங்களை மாதிரி எதுத்துப் பேசலையே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"தினம் தினம் உங்ககிட்ட மல்லுக்கட்ட முடியலைங்க."

"எது தினமும்? நான் மாத்த வந்ததே இன்னைக்குத்தானே? மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் மொரப்பூர்ல டிரெய்ன் கிடைக்கும். விடு."

"அந்த பஸ் வேணாங்க."

"ஏன், கனாக் கண்டியா?"

"கனா இல்லீங்க." அவள் குரல் இறங்கியது. "வேலை முடிஞ்சாத்தானே கிளம்புவீங்க? முடிக்காதீங்க. இப்படியே இந்த நாற்காலியில உக்காந்திருங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

"கம்பெனியில என்னன்னு சொல்றது? பொண்டாட்டி உக்காரச் சொன்னா, உக்காந்துட்டேன்னா?"

"அப்படியே சொல்லுங்க."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்குற? காதோரம் நரை வேற. காலையில வூட்டுல பாத்தப்ப நல்லாத்தானே இருந்த?"

அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனவள், பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம். டீ கொண்டுவரும் கண்ணம்மாள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பும் கூடாது, டீயும் கூடாது. வெளியே போய்த்தான் குடிக்க வேண்டும்.

"ரெண்டே நிமிஷம். அதுவரைக்கும் தொடக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"சரி தாயி, போயிட்டு வா."

வெளியே கண்ணம்மாள் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஆறங்காட்டியும் குடிச்சிருங்கம்மா. சாயங்காலம் உங்க வூட்டுக்காரருக்கு ரெண்டாம் வருசப் பூசையாமே, சாமியாரு சொன்னாரு. அந்த மொரப்பூர் பஸ் கவுந்த எடத்தை இன்னமும் கும்புட்டுட்டுத்தான் தாண்டுறேனுங்க."

உள்ளே ஃபிளாப்பி கரகரவென்று சுழல ஆரம்பித்தது.

இசபெல்லா கதவைத் தள்ளித் திறந்தாள். தினமும் காலையில் அவள் அடிக்கும் அந்த ஒரே பழைய தேதி திரையில் இல்லை. திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான் இன்னாசிராஜ். அவன் சட்டையினூடே நாற்காலியின் பிரம்புப் பின்னல் தெரியத் தொடங்கியிருந்தது.

"இந்தக் கடிகாரத்துல இன்னைக்குக் காலையிலதான் நான் தேதி வச்சேன்," என்றான். "அதுக்குள்ள எப்படி இசபெல்லா ரெண்டு வருசம் ஓடியிருக்கும்?"