காசிவிஸ்வநாதன் வரவு

யார் பாட்டுக் கேட்டு வந்தாலும் வலன்ரைன் அவரை முதலில் நடக்கச் சொல்வார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் அவருடைய ஒலிப்பதிவு அறை இருந்தது. பிறந்தநாளுக்கு, தேவாலயத்துப் புதுநன்மைக்கு, கடைத் திறப்புக்கு என்று கேட்டு வருவோருக்கெல்லாம் கூத்து மெட்டில் பாட்டுக் கட்டி, மத்தளம் சேர்த்து, பதிந்து கொடுப்பது அவர் தொழில்.

கூத்தில் எவரும் சும்மா மேடைக்கு வந்துவிடுவதில்லை. அரசனோ காவற்காரனோ, ஒவ்வொருவருக்கும் தம் வருகையை அறிவிக்கும் வரவுப் பாட்டு ஒன்று உண்டு. ஆகவே வாடிக்கையாளர் கதவிலிருந்து சன்னல்வரை நடந்து காட்டவேண்டும். நடையைப் பார்த்து வலன்ரைன் மெட்டைத் தெரிவுசெய்வார். ஒல்லியான மருந்துக்கடைக்காரர் ஒருவர் படைத்தளபதியாக உயர்ந்து மாடியிறங்கிப் போனதும் அப்படித்தான்.

ஒருநாள் புறக்கோட்டை இரும்புக்கடை முதலாளி காசிவிஸ்வநாதன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"நான் காசிவிஸ்வநாதன். மகன் கலியாண வரவேற்பு மாஸ்டர். நான் மண்டபத்துக்குள்ள காலெடுத்து வைக்கிறப்ப ஒரு பாட்டு வேணும். சுவர் அதிரணும்."

பெயரைக் கேட்டதும் வலன்ரைனின் கை மத்தளத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

மணப்பெண் சாமினி அவருடைய தங்கை யோசெப்பினின் மகள். சம்பந்தம் பேச வந்த அன்று, உறவினர் நிறைந்திருந்த கூடத்தில், 'கூத்தாடிக் குடும்பத்துல போயா பொண்ணு எடுக்கிறது?' என்று கேட்டது இந்த வாய்தான். மகன் விஷ்வா விடாப்பிடியாக நின்றதால் கலியாணம் கூடிவந்தது. சொன்ன சொல் மட்டும் எடுப்பாரின்றி அங்கேயே கிடந்தது. அன்று குனிந்த யோசெப்பினின் தலை இன்னும் நிமிரவில்லை.

வலன்ரைன் அன்று கூத்துப் பழக்க மன்னாருக்குப் போயிருந்தார். ஆகவே தாம் யாரிடம் பாட்டுக் கேட்கிறோம் என்பது முதலாளிக்குத் தெரியாது.

"நடவுங்கோ, முதலாளி" என்றார் வலன்ரைன்.

அவர் நடந்தார். தம் வாழ்நாளில் முதன்முறையாக வலன்ரைன் ஒருவரின் நடையைப் பார்க்கவில்லை. மெட்டை முன்னமே தெரிவுசெய்துவிட்டார்.

அவர் கட்டிக்கொடுத்தது கொடுங்கோல் மன்னனின் வரவு. விசுவாசத்துக்காக உயிர்விடும் வேதசாட்சிகளை வாட்டி வதைக்கும் அந்தப் பாவியின் மெட்டைக் கேட்டாலே கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிவார்கள். பெரியவர்கள் கூக்குரலிட்டுச் சிரிப்பார்கள். பாட்டின் சொற்களெல்லாம் முதலாளியின் புகழ்தான். ஆயினும் மெட்டு யாருடையது என்று பெண் வீட்டாரில் ஒருவர் விடாமல் கண்டுகொள்வர். புறக்கோட்டைக்காரர் எவருக்கும் விளங்காது.

பாட்டைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்ட முதலாளி, வலன்ரைனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுக்கு நடந்தா யானை வர்ற மாதிரி இருக்கும் மாஸ்டர்."

அவர் மாடியிறங்கும்வரை பொறுத்திருந்த வலன்ரைன், பிறகு கண்ணீர் வரச் சிரித்தார்.

வெள்ளவத்தைக் கடற்கரையோர மண்டபத்தில், வரவேற்பன்று, அந்தச் சிரிப்பு வலன்ரைனை விட்டுப் போயிருந்தது. மேடையில் சாமினி பூரித்து நின்றாள். யோசெப்பின் பின்வரிசையில் ஒதுங்கி நின்றாள். இன்னும் சற்று நேரத்தில் சபை சிரிக்கும். சிரிப்பின் காரணம் எப்படியும் முதலாளியின் காதுக்கு எட்டும். அதன்பின் அந்த வீட்டில் வாழப்போகிறவள் சாமினி அல்லவா?

ஒலிபெருக்கி இயக்கும் முர்ஷிதிடம் அவர் ஓடினார். "தம்பி, அந்தப் பாட்டைப் போடாதையும்."

"அங்கிள், ஆள் வாசல்ல நிக்கிறாரு. கையும் காட்டிட்டாரு" என்றபடியே முர்ஷித் பொத்தானை அழுத்தினான்.

மத்தளம் உருண்டது.

பெண் வீட்டார் பக்கம் பிறிஜெற் மாமி வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்புப் பீறிட்டது. அவ்வளவுதான், பாதி மண்டபம் குலுங்கியது. மறுபாதி, முதலாளியின் சொந்தங்கள், ஒன்றும் புரியாமலே கைதட்டினார்கள்.

காசிவிஸ்வநாதன் வந்தார்.

கண்ணை உருட்டினார். மீசையை முறுக்கினார். வலக்காலை ஓங்கி மிதித்து, மூன்றாம் தாளத்தில் அரைச்சுற்றுச் சுற்றி, தொடையில் தட்டி நின்றார். சரிகைத் தலைப்பாகை ஒரு காதின்மேல் சரிந்தது. பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் கதிரைமேல் ஏறி அடுத்த அடியை எடுத்துக்கொடுக்க, முதலாளி அதற்கும் ஆடினார். அந்தப் பெருத்த உடம்பு பம்பரமாயிற்று.

வலன்ரைன் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் தாளத்து அரைச்சுற்று ஒருவர் பழக்காமல் எவருக்கும் வராது.

முதலாளி மணமேடையைக் கடந்தார். மாப்பிள்ளையைக் கடந்தார். நேரே பின்வரிசைக்குப் போய், யோசெப்பினின் முன்னால் முழந்தாளிட்டு, தலைப்பாகையைக் கழற்றி அவள் காலடியில் வைத்தார்.

"இந்தப் பாட்டுல யார் வருவான்னு, நான் போட்டுக் காட்டின அன்னிக்கே உங்க மக சொல்லிட்டா, சம்பந்தியம்மா" என்றார், மூச்சு இரைக்க. "எனக்குப் பொருத்தமாத்தான் பட்டுச்சு. ஆட்டத்தை மட்டும் கத்துக்கொடு தாயின்னு அவகிட்டயே கேட்டேன்."

மேடையில் சாமினியின் பாதம் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வலன்ரைனின் காதுகள் சுட்டன.

சிரிப்பா அழுகையா என்று யோசெப்பினுக்கே தெரியவில்லை. "எழும்புங்கோ அண்ணை. சனமெல்லாம் பாக்குது."

அவர் எழவில்லை.

"பாக்கட்டும்மா. அன்னிக்கும் எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க."