ஒரு வாய் போக மிச்சம்

"ஈரல் முக்காவாசி போயிடுச்சு சார். தினமும் குடிதானே?" போன வாரம் எடுத்த செக்கப் ரிப்போர்ட்டை டாக்டர் விரலால் தட்டினார்.

ஒயின் ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அவருக்குச் சுருக்கென்றது. தொழிலைச் சொன்னாலே குடிகாரப் பட்டம் கட்டிவிடுகிறது ஊர்.

"ருசி பார்க்கிறவன் குடிச்சா பொழப்பு நாறிடும் டாக்டர். ஒரு வாய் வாங்கி, கொப்பளிச்சு, வாளியில துப்பிடுவேன். இருபது வருஷத்துல ஒரு சொட்டு உள்ளே இறங்கினதில்ல."

"வீட்டுலயா பார்ப்பீங்க?"

"ஆமா. சாயங்காலம் ஆறு பாட்டில் திறப்பேன். வெவ்வேற திராட்சை, வெவ்வேற நாடு. மோந்து பார்த்தே எந்த மலைச்சரிவுன்னு சொல்லிடுவேன்." சொல்லும்போதே அவர் மீசை நிமிர்ந்தது.

"ஒரு வாய் போக மிச்சம்?"

"என் சம்சாரம் சிங்க்ல கொட்டி, பாட்டிலைக் கழுவி வெச்சிடுவா. ரிப்போர்ட்டு மாறிப்போயிருக்கும், நல்லாப் பாருங்க."

"மாறல சார். உங்களுது சுத்தமா இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே செக்கப்புக்கு வந்தீங்க? இது அவங்களோடது."

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வீடே ஒயின் வாசனையில் ஊறிக் கிடந்ததில், அவளைத் தனியாக அவர் முகர்ந்து பார்த்ததே இல்லை.

"என்னங்க, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று அவர் முகத்தருகே குனிந்து கேட்டாள்.

அவள் மூச்சில் வந்தது கறுப்புத் திராட்சை, வடக்கு மலைச்சரிவு. நேற்று மாலை நாலாவதாகத் திறந்த பாட்டில். ஒரு வாயிலேயே 'தேறாது' என்று எழுதி, அவர் துப்பிவிட்ட ஒயின்.