சுகிர்தாவின் சம்மதம்

நாகர்கோவிலிலிருந்து மேற்படிப்புக்குக் கிளம்பிய சுகிர்தா, ஒருநாள் முழுக்கப் பறந்து கனடாவில் இறங்கினாள். குடியேற்ற அதிகாரி அவளுடைய கடவுச்சீட்டைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

“நீங்கள் இன்று காலையே சேர்ந்துவிட்டீர்களே! உங்கள் நேர்காணல் பதிவுகளை வைத்துப் பல்கலைக்கழகம் செய்த உங்கள் கணினி நகல் இப்போது வகுப்பில் இருக்கிறது. இனி உங்கள் விசா செல்லாது.”

திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் முகத்தோடும் அவள் குரலோடும் அது பேராசிரியரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அனுமதிப் படிவத்தில் இருந்தது அப்பா எட்வினின் கையெழுத்து.

அப்பாவை அழைத்தாள்.

“மக்களே, நீ பிளைட் ஏறுன பொறவுதான் காலேஜ்ல இருந்து கேட்டாவ. பட்டம் எப்படியும் உன் பேருலதான வரும்? நீ அங்க தனியா கெடந்து கஷ்டப்படாண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

“ரெண்டு வருசமா ஒறக்கமில்லாம படிச்சது நான்ப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

“கேட்டேனே! போன்ல அதுகிட்ட கேட்டேன். உனக்குச் சம்மதம்னு அதுதான சொல்லிச்சு?”

சுகிர்தா இணைப்பைத் துண்டித்துவிட்டு, “நான்தான் சுகிர்தா” என்றாள் அதிகாரியிடம்.

அவர் மறுக்கவில்லை. ஊர் திரும்பும் விமானத்துக்கு அந்தப் பெயரிலேயே சீட்டு அடித்துக் கொடுத்தார்.