கசாப்புக்காரர் சொன்ன சொல்

எல்லைச் சந்தையில் கட்டியிருந்த செவலை ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டே நின்றது. ஆடு பிடிக்க வந்திருந்த கசாப்புக்காரர் கன்னடக்காரர்.

"நான் சினைன்னு அவருக்குப் புரியுமா?" என்று பக்கத்தில் நின்ற கழுதையிடம் கேட்டது.

பல ஊருக்குச் சுமை தூக்கிய கழுதை சொன்னது: "மலையாளத்துல 'சென'ம்பாங்க, நம்ம சொல்லுதான். இவரு பாஷையில கர்ப்பம் 'கப்ப'ன்னு ஆயிருச்சு. அந்தச் சொல்லு அவர் வாயில வந்தா அறுக்க மாட்டாரு."

கசாப்புக்காரர் செவலையின் வயிற்றை அழுத்தினார். உள்ளே குட்டி அசைந்தது.

"கப்ப," என்று சொல்லிக் கையை எடுத்தார். அடுத்து நின்ற செவலையின் தங்கையை நோக்கி நகர்ந்தார். அது இன்னும் சினை பிடிக்காத ஆடு.

"அக்கா, என்னையும் அப்படித்தானே சொல்வாரு?"

"சொல்வாருடி," என்றது செவலை, அதன் முகத்தைப் பார்க்காமல்.