கழற்றிய பாகம்

"பார்த்தே ஆகணும் மேடம். கழட்டின பாகத்தைக் கண்ணால பார்க்காட்டி எனக்கு மனசு ஆறாது."

அவர் பஸ் டிப்போ மெக்கானிக். மூன்று வயது மகளின் சிறுநீரகத்திலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்து ஐந்து நாளாகியிருந்தது. எடுத்த கட்டியைச் சோதிப்பவர் இந்த லேப் டாக்டர் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாடி ஏறி வந்திருந்தார்.

டாக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். முதல்ல இதைப் பாருங்க."

கோரமாக ஏதோ தெரியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பூத்துக் கிடந்தது.

"என்ன மேடம், இவ்ளோ அழகா இருக்கு!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அழகுதான். வட்டம் வட்டமா தெரியுதா? கிட்னிக்குள்ள இருக்கிற குழாய். கட்ட ஆரம்பிச்சுப் பாதியில விட்டிருக்கு."

"யாரு கட்டினா?"

"இந்த செல்லுங்கதான். குழந்தை அம்மா வயித்துல இருக்கும்போது கிட்னியை உருவாக்குறது இதுங்கதான். வேலை முடிஞ்சதும் முதிர்ந்துடணும். சிலது மட்டும் வளர மறந்து அப்படியே நின்னுடும். அது பின்னாடி தறிகெட்டுப் பெருகினா, கட்டி."

"அப்போ பொறக்கறதுக்கு முன்னாடியே..." மெக்கானிக் குனிந்தபடியே சொன்னார். "தான் எதையோ தப்பா ஊட்டிட்டோம்னு என் சம்சாரம் சோறு தண்ணி இல்லாம கிடக்கா மேடம்."

"அவங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு போய் முதல்ல சொல்லுங்க. பெரும்பாலும் காரணமே பிடிபடாது. ஏதோ சில குடும்பத்துல மட்டும் மரபணுவுல பிறவியிலேயே ஒரு சின்ன மாற்றம் இருக்கும். அதுக்குத்தான் உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் எடுத்தோம்."

"இதுக்கு வைத்தியம்?"

"மருந்தால சுருக்கி, கட்டியை மட்டும் எடுத்து, உங்க மகளோட கிட்னியைக் காப்பாத்தியாச்சு. கட்டி திரும்ப வருதான்னு, ரத்தத்துலயே அதோட மரபணுத் துணுக்கைத் தேடிக் கண்டுபிடிக்கலாமான்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் சிலர், இந்த செல்லைக் கொல்லாம, விட்ட இடத்துலேர்ந்து வளர வச்சுட முடியுமான்னு பார்க்கிறாங்க."

"தூக்கிப் போடாம ரிப்பேர் பண்றதா!" மெக்கானிக் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்த்தபடியே கேட்டார். "என் பொண்ணு பொழைச்சுக்குவாளா?"

"அதுக்குத்தான் இதைக் காட்டினேன். இது உங்க மகளோடது இல்ல. ஆனா அவளோடதும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கு. இது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்த ஒரு பையனோடது. அவனுக்கும் மூணு வயசு. இப்ப இருக்கிற வசதியில பாதி அப்போ கிடையாது. ஒரு கிட்னியையே எடுத்துட்டாங்க."

"ஐயோ! பொழைச்சானா?"

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சின்ன வயசுல மதில்லேர்ந்து விழுந்ததால உங்களுக்கு ஆபரேஷன் பண்ணினதா வீட்ல உங்ககிட்ட இத்தனை வருஷமா சொல்லி வச்சிருக்காங்களாம். உங்க ரத்தத்துல அந்த மாற்றத்தைப் பார்த்துட்டு நேத்து உங்க அப்பாகிட்ட கேட்டேன், அழுதுட்டார்," என்றார். "அந்தப் பையன் நீங்கதான்."