மிளகளவு

பவளக்கொடியின் புஜத்தில், தோலுக்கடியில், பட்டாணி அளவுக் குளிகை ஒன்றை வைத்துத் தைத்தார் டாக்டர். "அமினோ அமிலத்துல செஞ்ச கூடு. உடம்பே மெல்லக் கரைச்சுக்கும். உள்ள இருக்குற மருந்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றார். அன்றிலிருந்து காலைக் கஞ்சியோடு வந்து கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்ப்பது ஏகாம்பரத்துக்கு வழக்கமாகிவிட்டது. "மிளகாட்டம் ஆயிடுச்சு புள்ள" என்றார் நேற்று. "முழுசாக் கரையட்டும், எந்திரிச்சு நானே சமைக்கிறேன்" என்றாள் மனைவி. இன்று அவளைத் தூக்குமுன் வாய்க்கரிசி போட அழைத்தார்கள். பிடி அரிசியோடு குனிந்தவரின் மறுகை, பழக்கத்தில் அவள் புஜத்துக்குப் போனது. சில்லிட்ட தோலுக்கடியில் மிளகு அப்படியே இருந்தது.

"போடுங்க மச்சான், நேரமாகுது" என்றான் அவள் தம்பி.

"கொஞ்சம் பொறு மாப்ள" என்றார் ஏகாம்பரம், அரிசியை இறுக்கிக்கொண்டு. "மருந்து இன்னும் மிச்சமிருக்கு."